நாசரேத்து இல்லமும் நம் வீட்டுப் பள்ளியும்



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள புறநகர்ப் பகுதிகளிலும் நம் கத்தோலிக்க இல்லங்கள் பரபரப்பாகிவிடுகின்றன. ஒருபுறம் அரையாண்டுத் தேர்வு. மறுபுறம் குடில், விண்மீன், பலகாரம், புத்தாடை, பாடற்குழுவினரின் வருகை. இத்தனைக்கும் நடுவே சில வீடுகளில் பிறந்து சில வாரங்களே ஆன பச்சிளங்குழந்தையும் இருக்கிறது. இந்தப் பரபரப்பின் ஊடே, முன்பு நாம் அதிகம் கேட்டிராத ஒரு கேள்வியும் அண்மை ஆண்டுகளில் அருள்பணியாளர்களிடம் வருகிறது. "ஃபாதர், பெரிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? திருச்சபை இதற்கு என்ன சொல்கிறது?"

கேட்பவர்கள் பொறுப்பற்ற பெற்றோர் அல்லர். பிள்ளைகள் மீது மிகுந்த அக்கறை கொண்டவர்களே கேட்கிறார்கள். ஆகவே, "அதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதும் முறையல்ல. "உங்கள் விருப்பம்" என்று கைகழுவுவதும் முறையல்ல. கிறிஸ்து பிறப்புக் காலத்தில், திருக்குடும்பத்தைக் கண்முன் நிறுத்தி, இதை அமைதியாக ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

கேள்வி எங்கிருந்து எழுகிறது?

வீட்டிலிருந்து கற்பது தாம்பரம் பகுதி மக்களுக்கு முற்றிலும் அறிமுகமில்லாத ஒன்றல்ல. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியபோது பள்ளிகள் வாரக்கணக்கில் திறக்கப்படவில்லை. அரையாண்டுத் தேர்வு அடுத்த ஆண்டு சனவரிக்குத் தள்ளிப்போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே பகுதிகளில் தண்ணீர் தேங்கியது, பள்ளிகள் மூடப்பட்டன, தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. இவை எல்லாவற்றையும் விடப் பெரியது கொரோனா காலம். 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் இறுதி வரை, ஏறக்குறைய பத்தொன்பது மாதங்கள், நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையைக் காணவில்லை. 2020-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் அன்று தமிழகத்தில் ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பமும் ஏதோ ஒரு வகையில் வீட்டுப் பள்ளியாகத்தான் இருந்தது.

அந்த நாள்களில் பெற்றோர் இரண்டு உண்மைகளைக் கண்டுகொண்டார்கள். தங்கள் பிள்ளை உண்மையில் என்ன கற்கிறது, என்ன கற்கவில்லை என்பதை முதன்முறையாக அருகிலிருந்து பார்த்தார்கள். இது முதலாவது. தாங்களும் கற்றுக்கொடுக்க முடியும் என்பது இரண்டாவது. இவற்றோடு உயர்ந்துகொண்டே போகும் கட்டணம், பள்ளி வாகனத்தில் காலையும் மாலையும் கழியும் நேரம், மதிப்பெண் நெருக்கடி, எல்.கே.ஜி. முதலே தொடங்கிவிடும் வீட்டுப்பாடம் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் பெற்றோருள் சிலர் வாரத்தில் சில நாள்கள் வீட்டிலிருந்தே பணிபுரிகிறார்கள். இந்த நிலையில் வீட்டில் ஒரு குழந்தையும் பிறந்துவிட்டால், "பெரியவனையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயல்பே.

சட்டத்தின் நிலை

6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி அடிப்படை உரிமை என்று 2002-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் அறிவித்தது. அதை நடைமுறைப்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அச்சட்டத்தின் 10-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டம் தண்டனை எதையும் விதிக்கவில்லை. இது குறித்துத் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, வீட்டுவழிக் கல்வியை விரும்பித் தேர்ந்துகொள்பவர்களுக்கு இச்சட்டம் குறுக்கே நிற்காது என்று 2012-இல் மத்திய அரசு எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தது. ஆயினும் இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. தடையும் இல்லை, தெளிவான பாதுகாப்பும் இல்லை என்பதே நிலை.

சான்றிதழுக்கு வழி உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக்கல்வி நிறுவனம் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளையும், அதன்பின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளையும் நடத்துகிறது. தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வும் உண்டு. பிள்ளை மீண்டும் பள்ளிக்குத் திரும்ப விரும்பினால், வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு வழிவகுக்கிறது. ஆனால் எந்தச் சான்றிதழ் எந்தப் படிப்புக்கும் எந்த அரசுப் பணிக்கும் ஏற்கப்படும் என்பதை முன்கூட்டியே விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும். பதினைந்து வயதில் போய் விழித்துக்கொண்டால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

பிற நாடுகளிலும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்விக்கு இடமுண்டு. கத்தோலிக்கக் குடும்பங்களும் பெருமளவில் அதைப் பின்பற்றுகின்றன. செர்மனியிலோ பள்ளிக்குச் செல்வது கட்டாயம். அதை எதிர்த்து வழக்காடிய ஒரு குடும்பத்தின் உரிமை மீறப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது.

திருச்சபையின் போதனை

பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்பதில் திருச்சபைக்கு ஐயமே இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை இதைத் தெளிவாக எடுத்துரைத்தது. புனித இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் குடும்பம் பற்றி எழுதிய ஊக்கவுரையில், பெற்றோரின் இந்த உரிமையை வேறு எவரும் முழுவதுமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது, பெற்றோர் அதை வேறு எவரிடமும் முழுவதுமாக ஒப்படைத்துவிடவும் முடியாது என்று கற்பித்தார். திருச்சபைச் சட்டத் தொகுப்பு 793 முதல் 798 வரையுள்ள சட்டங்களில், தங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற கல்விமுறையையும் பள்ளியையும் தெரிந்துகொள்ளும் பெற்றோரின் உரிமையைப் போற்றுகிறது. சங்க அறிக்கையின் 60-ஆம் ஆண்டு நிறைவையொட்டித் திருத்தந்தை 14-ஆம் லியோ 2025 அக்டோபரில் கல்வி பற்றித் திருத்தூது மடல் ஒன்றை வெளியிட்டார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

ஆகவே வீட்டில் கற்பிப்பதே பாவம், தவறு என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அதே 1981-ஆம் ஆண்டு ஊக்கவுரை இன்னொன்றையும் சொல்கிறது: குடும்பம் முதல் கல்விக்கூடம், ஆனால் அது ஒன்றே கல்விக்கூடம் அல்ல. திருத்தந்தை பிரான்சிசும் 2016-இல் 'அன்பின் மகிழ்வு' ஏட்டில், பள்ளி பெற்றோருக்கு மாற்றாக அல்ல, துணையாகவே நிற்கிறது என்று எழுதினார்.

இதைப் புரிந்துகொள்ள நாசரேத்துக்குச் செல்வோம். திருத்தந்தை புனித ஆறாம் பவுல் 1964 சனவரி 5 அன்று நாசரேத்துக்குத் திருப்பயணம் சென்றபோது அந்த ஊரையே ஒரு பள்ளிக்கூடம் என்று அழைத்தார். இயேசு யோசேப்பிடம் தொழில் கற்றார். மரியிடம் செபிக்கக் கற்றார். இணைச்சட்ட நூல் 6-ஆம் அதிகாரம் பெற்றோருக்குக் கட்டளையிடுவது போல, வீட்டில் அமர்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் இறைவார்த்தை அவருக்கு ஊட்டப்பட்டது. ஆனால் அந்த வீட்டின் கதவு திறந்தே இருந்தது. ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்துக்குச் செல்வது அவருடைய வழக்கம் (லூக் 4:16). பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் போதகர்கள் நடுவில் அமர்ந்து, கேட்டும் வினவியும் கற்றார் (லூக் 2:46). உறவினரும் அறிமுகமானவர்களும் கூட்டமாகச் சென்ற பயணத்தில் பிள்ளை பிறரோடு வருகிறான் என்று பெற்றோர் நம்பி ஒருநாள் தொலைவு நடக்கும் அளவுக்கு, அந்தக் குடும்பம் ஊரோடு ஒன்றியிருந்தது. வீடு, தொழுகைக்கூடம், ஊர் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நாசரேத்துப் பள்ளி.

எனவே வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் குடும்பத்தை நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்ன பாடத்திட்டம்?" என்பதல்ல. "உங்கள் கதவு திறந்திருக்கிறதா?" என்பதே. பக்கத்து வீட்டு இந்துச் சிறுவனோடும், அடுத்த தெரு இசுலாமியச் சிறுமியோடும், தன்னைவிட ஏழையான பிள்ளையோடும் உங்கள் பிள்ளை விளையாடுகிறதா? உலகம் கெட்டது என்ற பயத்தினால் கட்டப்படும் வீட்டுப் பள்ளி மதிலாகிவிடும். அன்பினால் கட்டப்படுவது நாசரேத்தாகும்.

தாயின் தோளில் எத்தனை சுமை?

இனி, எல்லாரும் எளிதில் கடந்துபோகும் ஒரு செய்திக்கு வருவோம். "வீட்டிலேயே படிக்க வைக்கிறோம்" என்று குடும்பத் தலைவர் பன்மையில் சொல்கிறார். கற்பிப்பது பெரும்பாலும் ஒருவர் மட்டுமே. பிள்ளை பெற்று ஆறு வாரம் ஆகாத தாய், இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுக்கிறார். காலையில் மூத்தவனுக்குக் கணக்கு, இரண்டாவது மகளுக்குத் தமிழ் எழுத்து. பிறகு சமையல். அதன்மேல் கிறிஸ்துமஸ் பலகாரம், வீடு துடைத்தல், விருந்தினர் உபசரிப்பு. பிறந்து ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு அறிவுறுத்துகிறது. அது ஒன்றே ஒரு தாய்க்கு முழுநேரப் பணி.

நம் முன்னோர் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பியது வெறும் சடங்கு அல்ல; அது ஓய்வுக்கான ஏற்பாடு. இன்று தாம்பரம் புறநகரில் வாழும் பல கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தாய்வீடு தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ இருக்கிறது. மூத்த பிள்ளையின் பள்ளி, கணவனின் வேலை என்று போகாமலே இருந்துவிடுகிறார்கள். 2017-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பைக் கொண்டுவந்தது. மூன்றாவது குழந்தைக்கு அது 12 வாரமே. தனியார் நிறுவனங்களில் தந்தையருக்கு விடுப்பு அளிக்கச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். தொகுதி மறுவரையறையில் தமிழகம் இழக்கக் கூடாது என்று சொல்லி, குழந்தை பெற்றுக்கொள்ளுமாறு 2025 மார்ச்சில் முதல்வர் மு.க. ஸ்டாலின் புதுமணத் தம்பதியரைக் கேட்டுக்கொண்டதை நாம் அறிவோம். எண்ணிக்கைக்காக அல்ல, இறைவனின் கொடையாகவே நாம் குழந்தையை வரவேற்கிறோம். ஆனால் வரவேற்ற பிறகு அந்தத் தாயைத் தனியே விட்டுவிட்டால், நம் வரவேற்பு வெறும் வாய்ச்சொல்லே.

மத்தேயு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களில் யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எழுந்தார், குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு சென்றார் என்றே காண்கிறோம். லேவியர் நூல் 12-ஆம் அதிகாரத்தின் சட்டம், ஆண் குழந்தையைப் பெற்ற தாய்க்கு நாற்பது நாள்களைத் தனியே ஒதுக்கியது. அந்நாள்கள் நிறைவுற்ற பின்னரே மரியா கோவிலுக்கு வந்தார். நம் தந்தையர் இங்குக் கற்றுக்கொள்ளட்டும். வீட்டுவழிக் கல்வி வேண்டும் என்று முடிவெடுக்கும் தந்தை, மாலையில் ஒரு பாடத்தைத் தானே நடத்த வேண்டும். சமையலறையிலும் பங்கெடுக்க வேண்டும். அதற்கு ஆயத்தமில்லாதவர் மனைவியின் உழைப்பை வைத்து இலட்சியம் பேசக் கூடாது. குழந்தை பிறந்த முதல் சில மாதங்களில் பாடப்புத்தகங்களைச் சற்று மூடிவைத்தாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. அழும் தம்பியைத் தொட்டிலில் ஆட்டவும், அம்மா தூங்கும்போது சத்தமின்றி விளையாடவும் கற்கும் பிள்ளை, எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒன்றைக் கற்கிறது. பிரசவத்துக்குப் பின் தாயிடம் ஓயாத அழுகையோ, எதிலும் நாட்டமின்மையோ, குழந்தையின் மீதே வெறுப்போ தென்பட்டால், அதைப் பேய் என்றோ விசுவாசக் குறைவு என்றோ சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது நோய், குணமாகக் கூடியது.

மார்ட்டின் குடும்பம்

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் பிறந்ததும் கிறிஸ்து பிறப்புக் காலத்தில்தான்: 1873 சனவரி 2. பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில், ஒன்பதாவது குழந்தையாக. அவருக்கு முன் நான்கு குழந்தைகள் இறந்திருந்தன. அவருடைய தாய் செலி, பின்னல் சரிகைத் தொழிலை நடத்தி வந்தவர். பால் கொடுக்க இயலாத நிலையில், குழந்தை பிழைக்க வேண்டுமே என்று, ஊருக்கு வெளியே கிராமத்தில் வாழ்ந்த ஓர் ஏழைத் தாயிடம் ஓராண்டுக்கு மேல் அதை வளரக் கொடுத்தார். எல்லாவற்றையும் தானே செய்தாக வேண்டும் என்று அந்தப் புனிதத் தாய் எண்ணவில்லை. 2015 அக்டோபர் 18 அன்று கணவர் லூயியோடு புனிதராக உயர்த்தப்பட்டவர் அவர்.

தாய் இறந்தபோது தெரேசாவுக்கு நான்கு வயது. அதன்பின் அக்காள் பவுலின் வீட்டிலேயே அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். எட்டரை வயதில் துறவியர் பள்ளிக்குச் சென்றார். அங்கு அவருக்கு மகிழ்ச்சி இல்லை. 1886-இல் பள்ளியை விட்டுத் தனி ஆசிரியையிடம் கற்றார். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபோது, களைத்திருந்த தந்தை சலிப்போடு சொன்ன ஒரு சொல் அவர் காதில் விழுந்தது. எளிதில் அழுதுவிடும் அந்தப் பெண், அன்று கண்ணீரை அடக்கிக்கொண்டு தந்தையை மகிழ்வித்தார். அதையே தம் மனமாற்றமாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவருடைய கல்வி வீடு, பள்ளி இரண்டிலும் மாறிமாறி நடந்தது. இரண்டிலும் குறைகள் இருந்தன. அவரை உருவாக்கியது கல்வி நடந்த இடமல்ல, ஒருவரையொருவர் தாங்கிக்கொண்ட அந்தக் குடும்பத்தின் அன்பே.

வீட்டுவழிக் கல்வியா, இடைநிற்றலா?

வீட்டில் குழந்தை பிறந்தவுடன் பன்னிரண்டு வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தொட்டில் ஆட்டவும் பாத்திரம் துலக்கவும் வைத்துவிட்டு, "வீட்டில் படிக்கிறாள்" என்று சொல்வது வீட்டுவழிக் கல்வி ஆகாது. அது இடைநிற்றல். அண்ணன் பள்ளிக்குப் போக, தங்கை மட்டும் வீட்டில் இருந்தால், அங்கே நடப்பது என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும், புறநகரின் கட்டுமானத் தளங்களிலும் குடும்பத்தோடு தங்கி வேலை செய்யும் மக்களின் பிள்ளைகளும் பகல் முழுவதும் 'வீட்டில்'தான் இருக்கிறார்கள். மூத்தது இளையதை இடுப்பில் சுமக்கிறது. 2016-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று அனுமதித்தது. பள்ளிக்கே போகாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? வசதியுள்ளோரின் வீட்டுவழிக் கல்வி பற்றிப் பேசும்போது, வழியின்றி வீட்டில் இருக்கும் இந்தப் பிள்ளைகளை மறந்தால் நம் சிந்தனை பாதிதான். எகிப்துக்கு ஓடிய குழந்தை இயேசுவும் புலம்பெயர்ந்த பிள்ளையே.

நம் பள்ளிகளுக்கும் பங்குகளுக்கும்

கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்க எண்ணுவது நம் பள்ளிகளுக்கும் ஒரு கேள்வி. கட்டணம் கட்ட முடியாத மூன்றாவது பிள்ளைக்கு நம் பள்ளியில் சலுகை உண்டா? மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குப் பொறுமை உண்டா? பெற்றோர் கூட்டம் என்பது மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்கும் நேரம் மட்டும்தானா? விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு.

2002-இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவான காலத்தில் வயல்களாக இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஒரே மாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழ்கிறோம். இங்கேதான் அன்பியங்களுக்கு வேலை இருக்கிறது. இந்தக் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் எளிதாகச் செய்யக்கூடிய சில:

அன்பியத்தில் குழந்தை பிறந்த வீடு இருந்தால், முதல் நாற்பது நாள்களுக்கு முறைவைத்து ஒருவேளை உணவு கொண்டுபோய்க் கொடுங்கள். மூத்த பிள்ளைகளை மாலையில் ஒரு மணி நேரம் உங்கள் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுங்கள்.

பாடற்குழுவினர் பச்சிளங்குழந்தை உள்ள வீட்டின் முன் மேளத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய குரலில் ஒரே ஒரு பாடல் பாடட்டும். பார்க்க வருவோர் கை கழுவாமல் குழந்தையைத் தூக்க வேண்டாம். சளி, இருமல் உள்ளவர்கள் வாசலிலேயே வாழ்த்திச் செல்லட்டும்.

நள்ளிரவுத் திருப்பலிக்குக் கைக்குழந்தையோடு வர இயலாத தாய் மனம் வருந்த வேண்டாம். பகல் திருப்பலியும் கிறிஸ்து பிறப்புத் திருப்பலியே. கணவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அவரை அனுப்பிவைக்கட்டும்.

வீட்டில் கற்கும் பிள்ளைகளை ஞாயிறு மறைக்கல்விக்கும், பீடச்சிறார் குழுவுக்கும், குடில் அமைக்கும் இளையோரோடும் தவறாமல் அனுப்புங்கள். பங்கு அவர்களின் தொழுகைக்கூடமாக இருக்கட்டும்.

பள்ளிக்குப் போகாமல் நிற்கும் பிள்ளை உங்கள் தெருவில் எவராயினும், எம்மதத்தவராயினும், அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ பங்குப் பேரவையிடமோ சொல்லுங்கள். சனவரியில் பள்ளி திறக்கும்போது அந்தப் பிள்ளையின் கையில் புத்தகப்பை இருக்கட்டும்.

வீட்டிலா, பள்ளியிலா என்பதைப் பெற்றோரே செபித்து, இருவரும் ஒன்றாகப் பேசி, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு முடிவுசெய்யட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அம்முடிவை மறுபரிசீலனை செய்வதில் வெட்கம் ஏதும் இல்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும், இயேசு ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்து, கடவுளுக்கும் மனிதருக்கும் உகந்தவராய் வாழ்ந்து வந்தார் என்று லூக்கா கூறும் அந்த வளர்ச்சி (2:52) நம் பிள்ளைகளிடம் காணப்படுகிறதா என்று பார்ப்போம். ஞானம் மட்டும் வளர்ந்து மனிதரோடு உறவு வளராவிட்டால் குறை. எல்லாம் வளர்ந்து தாய் மட்டும் தேய்ந்துபோனால் அதுவும் பெருங்குறையே.

மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பாலன், நம் புறநகர் வீடுகளில் புதிதாய்ப் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும், அதைச் சுமந்த தாயையும், கற்கும் பிள்ளைகளையும், கற்க வழியற்ற பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு, திருக்குடும்பப் பெருவிழா வாழ்த்துகள்!